மாமி கொல்லலாம், மாறக் கூடாது

உங்கள் கேள்வியை முதலில் என் வார்த்தையில் சொல்லிப் பார்க்கிறேன், மற்றவர்களுக்கும் விஷயம் புரியும். நீங்கள் மும்பை செம்பூரில் இருக்கிறீர்கள், கைக்காசு போட்டு 22 நிமிடக் குறும்படம் எடுத்திருக்கிறீர்கள். மாட்டுங்காவில் லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தில் 65 வயது மாமி தனியாக இருக்கிறார். சமைத்து ஆபீஸ்களுக்கு டப்பா அனுப்புகிறார், உள்ளறையை ஒரு பையனுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். மாமி கோயிலுக்குப் போன நேரத்தில் பையன் அவருடைய குக்கரில் முட்டை வேகவைத்துவிடுகிறான். மறுநாள் ரசத்தில் எதையோ கலந்து அவனை மேலே அனுப்பிவைக்கிறார். அப்புறம் சந்தேகப்பட்டு விசாரிக்க வரும் சொசைட்டி (குடியிருப்போர் சங்கம்) செக்ரெட்டரிக்கும் அதே ரசம். நண்பர் வீட்டு ஹாலில் ரஃப் கட் (இன்னும் செம்மைப்படுத்தாத முதல் வெட்டு) போட்டுக் காட்டியபோது, முட்டைக்காகப் பையன் செத்ததற்கு விழுந்து விழுந்து சிரித்தவர்கள், செக்ரெட்டரி சாகும்போது கப்சிப். 'டார்க் காமெடி நம்ம ஆட்களுக்கு ஒத்துவராதா? இரண்டாவது கொலையையே தூக்கிவிடட்டுமா?' என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு உண்மையில் தெரிய வேண்டியது, பார்த்தவர்கள் எந்த இடத்தில் மாமியின் கையை விட்டார்கள் என்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்கு ஓரளவு உறுதியாகப் பதில் சொல்ல முடியும்.

நான் அந்தேரியில் எடிட்டிங் செய்து பிழைக்கிறவன். விளம்பரம், டாக்குமெண்டரி, வெப் சீரிஸ், இடையிடையே இந்தி, தமிழ்ப் படங்கள் என்று பல வருஷமாக அடுத்தவர்கள் எடுத்ததை வெட்டி ஒட்டுவதுதான் வேலை. கதை எழுதுகிறவன் இல்லை. உங்கள் படத்தையும் நான் பார்க்கவில்லை, நீங்கள் எழுதிய விவரத்தை மட்டும் வைத்துப் பேசுகிறேன். அதனால் எடிட்டிங் மேஜையில் எது வேலை செய்யும் என்று சொல்கிற இடங்களில் என்னை நம்பலாம். உங்கள் மாமியைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஊகம், ஒத்துவந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

'நம்ம ஆட்கள்' விவகாரத்தை முதலில் முடித்துவிடலாம். 1989இல் 'அபூர்வ சகோதரர்கள்' ஓடிய ஓட்டம் உங்களுக்குத் தெரியும். சிங்கீதம் சீனிவாச ராவ் இயக்கம், கிரேஸி மோகன் வசனம். சர்க்கஸில் கோமாளி வேஷம் போடுகிற குள்ளமான அப்புதான் அதில் கொலைகாரன். யாரும் சந்தேகப்பட முடியாத ஆள், ஆயுதமோ சர்க்கஸ் வித்தை. ஊரே குடும்பத்தோடு போய்ப் பார்த்துச் சிரித்தது. 2018இல் நெல்சனின் 'கோலமாவு கோகிலா' வந்தது. அம்மாவின் புற்றுநோய் வைத்தியத்துக்காகப் போதைப்பொருள் கடத்தும் பெண், சுற்றிலும் பிணங்கள் விழும்போதும் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல் 'சார், சார்' என்று பேசிக்கொண்டிருப்பாள். அதுவும் ஓடியது, இந்தியில் 'குட் லக் ஜெர்ரி' என்று மறுபடி எடுத்தார்கள். ஆகவே ரசனை இல்லை என்ற பேச்சு எடுபடாது.

ஆனால் இந்த இரண்டு படங்களிலும் ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கொல்வதற்கான அனுமதிச் சீட்டை நம்மிடம் முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள். அப்புவின் அப்பாவை அந்த நாலு பேர் எப்படிக் கொன்றார்கள், கர்ப்பிணி அம்மாவுக்கு எப்படி விஷம் கொடுத்தார்கள் என்பதைப் படம் தொடங்கியதுமே பார்த்துவிடுகிறோம். அதற்குப் பிறகு அப்பு செய்வது நம் கணக்கில் கொலையே இல்லை, கடன் வசூல். போதாததற்குச் சிரிப்பை வேறு இடத்தில் தனியாகப் பரிமாறுகிறார்கள்: ஜனகராஜ் இன்ஸ்பெக்டராகத் துப்புத் துலக்க, ஆர். எஸ். சிவாஜி 'சார், நீங்க எங்கேயோ போயிட்டீங்க சார்' என்று சல்யூட் அடிக்கிறாரே, வயிறு வலித்தது அங்கேதான். கொலைக் காட்சியில் நமக்குக் கிடைப்பது வித்தை பார்க்கும் சந்தோஷம். பழிவாங்கல் என்றால் நம் ஆட்கள் எத்தனை பிணத்தையும் தாங்குவார்கள். உங்கள் மாமியிடம் அந்தச் சீட்டு கிடையாது. அவருக்கு யாரும் துரோகம் செய்யவில்லை, ஃப்ளாஷ்பேக் இல்லை. வேறு சாதியைச் சேர்ந்த சினிமா இது. இதற்கு முன்னோர்களை வேறு பக்கம் தேட வேண்டும்.

நான் முதலில் போய் நிற்பது 'ஆர்சனிக் அண்ட் ஓல்ட் லேஸ்' வாசலில். ஜோசப் கெஸல்ரிங் எழுதி 1941இல் பிராட்வேயில் மேடையேறிய நாடகம். ஃபிராங்க் காப்ரா அதே வருஷம் படமாக எடுத்தும், நாடகம் ஓடி முடியும்வரை வெளியிடக் கூடாது என்ற ஒப்பந்தத்தால் 1944இல்தான் படம் வந்தது. புரூக்ளினில் இரண்டு கிழ அத்தைகள். தனிமையில் வாடும் வயதானவர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எல்டர்பெர்ரி ஒயினில் விஷம் கலந்து கொடுத்து, அவர்களுக்கு நிம்மதி தருகிறார்கள். மொத்தம் 12 பேர், எல்லோரும் வீட்டு நிலவறையில். குழி தோண்டுவது, தன்னை ஜனாதிபதி ரூஸ்வெல்ட் என்று நம்பும் அண்ணன் மகன். அவனைப் பொறுத்தவரை அவன் பனாமா கால்வாய் வெட்டிக்கொண்டிருக்கிறான். கொலை செய்வதில் அத்தைகளுக்கு ஒரு தயக்கமும் இல்லை. ஆனால் செத்தவர் எந்தச் சபையைச் சேர்ந்தவரோ அந்த முறைப்படி இறுதிச் சடங்கு செய்தாக வேண்டும். பொய் சொல்ல மாட்டார்கள், அது பாவம். இன்னொரு அண்ணன் மகன் தான் கொன்ற ஒருவனின் பிணத்தைக் கொண்டுவந்து அதே குழியில் போடப் பார்க்கும்போது இருவருக்கும் கோபம் வருகிறது பாருங்கள்: முன்பின் தெரியாத ஆளை நம் வீட்டில் புதைப்பதா, நாம் சடங்கு செய்யும்போது அவனும் கூடக் கிடப்பதா என்று. கொலைக்காக அல்ல, மரியாதைக் குறைவுக்காகக் கோபம்.

நான் சொல்ல வருவது முழுக்க இதற்குள் அடங்கிவிடும். நம்ப முடியாத ஆள் கொலை செய்தால் மட்டும் சிரிப்பு வராது. அது ஒரு நிமிட அதிர்ச்சி, அவ்வளவே. கொலைக்கு அப்புறமும் அந்த ஆள் தன் வழக்கத்தை, தன் ஒழுங்கை, தன் கறார்த்தனத்தை இம்மியும் விட்டுக்கொடுக்காமல் இருப்பதில்தான் சிரிப்பு உட்கார்ந்திருக்கிறது. கொலை அவருடைய நாளில் ஒரு வேலை. பால் காய்ச்ச வேண்டும், டப்பா கட்ட வேண்டும், இவனை முடிக்க வேண்டும், சாயங்காலம் ஷண்முகானந்தா ஹாலில் கச்சேரி. எப்போது அவர் 'கொலைகாரி' மாதிரி நடந்துகொள்ள ஆரம்பிக்கிறாரோ, பயப்படுகிறாரோ, சதி செய்கிறாரோ, அப்போது படம் சாதாரண க்ரைம் படமாகிவிடும்.

இப்போது உங்கள் இரண்டு கொலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். பையன் எதற்குச் செத்தான்? குக்கரில் முட்டை. அபத்தமான காரணம், ஆனால் மாமிக்கு அது உலகத்திலேயே பெரிய நியாயம். செக்ரெட்டரி எதற்குச் சாகிறார்? மாட்டிக்கொள்ளாமல் இருக்க. இது எந்தக் குற்றவாளிக்கும் தோன்றக்கூடிய, விவரமான காரணம். காரணம் புத்திசாலித்தனமானதும் மாமி காணாமல் போய்விட்டார், அங்கே வேறு யாரோ நிற்கிறார்கள். ஹால் அமைதியானதற்கு இதுதான் முதல் காரணம் என்பது என் கணிப்பு. அவர் கரண்டியோடு திரும்பி நின்று, 'இந்த வீட்டுல ரசம் ரெண்டாவது தடவை கேட்டவா யாரும் எழுந்ததில்ல' என்று சொல்வதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த வசனம் உங்களுக்குப் பிடித்தமானது என்று தெரிகிறது. எடுத்துவிடுங்கள். அது மாமி பேசுவது இல்லை, இடைவேளைக்கு முன் ஹீரோ பேசுவது.

கொலையைத் தூக்க வேண்டாம், காரணத்தை மாற்றுங்கள். செக்ரெட்டரி வரட்டும், உட்காரட்டும், பையனைப் பற்றிக் கேட்கட்டும், போலீஸுக்குப் போவேன் என்று மிரட்டட்டும். மாமி அசையக் கூடாது. 'போங்கோளேன், யார் வேண்டாம்னா' என்று சொல்லிவிட்டுத் தண்ணீர் கொண்டுவந்து வைக்கட்டும். அந்த மனிதர் பேச்சு சுவாரசியத்தில் டம்ளரைத் தூக்கிக் குடிக்காமல், வாய் வைத்துக் குடிக்கட்டும். மாமி டம்ளரைப் பார்க்கிறார். அவ்வளவுதான். இரண்டு செகண்ட் அந்த டம்ளர் விளிம்பு, மூன்று செகண்ட் மாமியின் முகம், பிறகு, 'ரசம் சாதம் ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்கோ.' நம் ஊர்க்காரர்கள் யாராக இருந்தாலும் அந்த நொடியில் தீர்ப்பு வந்துவிட்டது என்று புரிந்துவிடும். போலீஸ் பயத்துக்காகக் கொன்றாரா எச்சிலுக்காகக் கொன்றாரா என்பதைப் பார்க்கிறவர்கள் பேசிக்கொள்ளட்டும், மாமிக்கு அதில் சந்தேகமே இருக்கக் கூடாது.

முதல் கொலைக்கும் இரண்டாவதற்கும் நடுவே நீங்கள் போட்டிருப்பது மாமி ஜன்னலில் நின்று யோசிக்கும் ஷாட்கள். அங்கே எவ்வளவோ இடம் வீணாகிறது. வீட்டில் சாவு விழுந்துவிட்டது, தீட்டு உண்டா இல்லையா? மாமிக்கு முதலில் தோன்ற வேண்டிய கேள்வி இதுதான். சடங்கு செய்துவைக்கும் வாத்தியாருக்குப் போன் போடட்டும்: 'ஆத்துல தங்கியிருந்த பையன் போயிட்டான்... இல்ல, உறவு இல்ல... வாடகைக்குத்தான்.' ஸ்நானம் பண்ணினால் போதும் என்று அவர் சொல்ல, நிம்மதியாகக் குளிக்கப் போகட்டும். ஆனால் தண்ணீர் வரும் நேரம் தாண்டிவிட்டது. மும்பையில் பழைய கட்டடங்களில் இருந்தவர்களுக்கு அந்தப் பதற்றம் தெரியும், பிணத்தைவிடக் காலி டிரம் பெரிய பிரச்சினை. அப்புறம் கணக்கு நோட்டு. பையன் மாதம் முழுவதற்கும் சாப்பாட்டுப் பணம் கட்டியிருக்கிறான், செத்தது 19ஆம் தேதி. மீதி நாளுக்கு உள்ளதைக் கழித்து, உறையில் போட்டு, துக்கம் விசாரிக்க வரும் அண்ணனிடம் சில்லறை உட்பட எண்ணிக் கொடுக்கிறார். 'அடுத்தவா காசு நமக்கு வேண்டாம்பா.' நடிகை இதை நிஜமான கரிசனத்தோடு சொல்ல வேண்டும். கண்ணில் ஒரு குறும்பு எட்டிப் பார்த்தாலும் அந்த டேக்கை விட்டுவிட்டு அடுத்ததை எடுங்கள்.

சாப்ளின் 1947இல் எடுத்த 'மான்சியர் வெர்டூ'வைப் பார்க்கச் சொல்வேன். ஆர்சன் வெல்ஸ் கொடுத்த யோசனை, மூலம் பிரான்சில் பெண்களை ஏமாற்றிக் கொன்று 1922இல் கில்லட்டினில் தலை போன லான்ட்ருவின் கதை. வேலை போன வங்கிக் குமாஸ்தா வெர்டூ, உடல்நலமில்லாத மனைவியையும் மகனையும் காப்பாற்றுவதற்காகப் பணக்காரப் பெண்களைக் கல்யாணம் செய்து கொல்கிறார். அவரை நாம் முதலில் பார்க்கும்போது தோட்டத்தில் ரோஜா வெட்டிக்கொண்டிருக்கிறார், பின்னால் உலையிலிருந்து புகை. கீழே ஊரும் கம்பளிப்பூச்சியைப் பார்த்து, யாராவது மிதித்துவிடப் போகிறார்கள் என்று பதறி எடுத்து ஓரமாக விடுகிறார். உலைக்குள் என்ன எரிகிறது என்று நாம்தான் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். இன்னொன்றும் அந்தப் படத்திலிருந்து கற்கலாம். மார்த்தா ரே நடித்த அனபெல்லா என்ற பெண்ணை மட்டும் அவரால் கொல்லவே முடியாது, ஏரி நடுவே படகில் வைத்துக்கூட. படத்தில் வாய்விட்டுச் சிரிக்கும் இடங்கள் பெரும்பாலும் அவள் தப்பிக்கிற இடங்கள். நடந்து முடிகிற கொலையைவிட நடக்காமல் போகிற கொலைக்குச் சிரிப்பு அதிகம், இதை எடிட்டிங் டேபிளில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். செக்ரெட்டரி முதல் தடவை ரசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டால்? ஏகாதசி விரதம் என்றால்? மாமிக்குக் கொலை தள்ளிப்போன வருத்தத்தைவிட விரதக்காரர் மேல் மரியாதை வந்துவிட வேண்டும்.

அடுத்தது, காமிரா எங்கே இருக்கிறது என்பது. செக்ரெட்டரி மூச்சுத் திணறுவதை அவர் முகத்திலேயே கிட்டத்தட்ட 40 செகண்ட் வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் மனிதத்தன்மை கூடட்டும் என்று அவர் மகளிடம் போனில் கொஞ்சுவதும் இருக்கிறது. இங்கே எனக்குச் சந்தேகமே இல்லை: சாகிறவன் முகத்தில் நின்றால் சிரிப்பு நிற்கும். நடிப்பு நன்றாக இருந்தால் இன்னும் சீக்கிரம் நிற்கும். 1949இல் ஈலிங் ஸ்டூடியோவுக்காக ராபர்ட் ஹேமர் எடுத்த 'கைண்ட் ஹார்ட்ஸ் அண்ட் கரோனெட்ஸ்' படத்தை எடிட்டர்கள் இதற்காகவே பார்ப்பார்கள். பட்டத்துக்கு வர வேண்டும் என்று ஒரு பிரபுக் குடும்பத்தையே வரிசையாகத் தீர்க்கிறான் லூயி. அந்தக் குடும்பத்தின் 8 பேராகவும் நடித்தவர் அலெக் கின்னஸ். அதில் ஹென்றி என்பவன் புகைப்படம் கழுவும் அறையில் வெடித்துச் சாகிற இடம் உண்டு. லூயி அந்த நேரத்தில் ஹென்றியின் மனைவியோடு தோட்டத்தில் டீ குடித்துக்கொண்டிருக்கிறான். பின்னால் புகை எழும்புகிறது. ஹென்றிக்கு இனி எதற்கும் நேரமில்லை என்று நான் எப்படிச் சொல்வது, அதனால் அவனுடைய எதிர்காலத்தைப் பற்றியே தொடர்ந்து பேசினேன் என்று பின்னணியில் அவன் குரல் சொல்கிறது. பிணம் இல்லை, ரத்தம் இல்லை, டீ ஆறவில்லை. லூயியின் காரணம் அபத்தமானதும் இல்லை, கணக்கான பேராசை. நான் மேலே காரணத்தைப் பற்றிச் சொன்னது எல்லாப் படத்துக்கும் பொருந்துகிற விதி இல்லை என்பதற்கு இந்தப் படமே சாட்சி. ஆனால் நாகரிகம் கலையவே கலையாது என்பது அங்கேயும் அப்படியே இருக்கிறது.

உங்கள் காட்சிக்கு இதை இப்படி மாற்றலாம். செக்ரெட்டரி முதல் கவளத்தை எடுக்கும்போதே அவரை விட்டு வெளியே வந்துவிடுங்கள். மாமி அடுக்களையில் டப்பா மூடிகளைத் தேடி ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கிறார், ஒரு மூடி எதற்கும் சேரவில்லை. ஹாலிலிருந்து இருமல் கேட்கிறது, நாற்காலி தேய்கிறது, தட்டு விழுகிறது. தட்டு விழுந்த சத்தத்துக்கு மட்டும் மாமி நெற்றியைச் சுருக்குகிறார், எவர்சில்வர் நசுங்கியிருக்குமே என்று. பிறகு மூடி சேர்ந்துவிடுகிறது. 40 செகண்டையும் இதற்கே கொடுங்கள். உங்களிடம் மாமியின் அடுக்களை ஷாட்கள் ஏற்கெனவே இருக்கலாம், புதிதாகப் படப்பிடிப்பு இல்லாமலே சத்தத்தை மட்டும் மேலே போட்டு ஒருமுறை பாருங்கள். ரசத்தில் என்ன கலக்கிறார் என்ற க்ளோஸப்பையும் எடுத்துவிடலாம். பொடி தெரிந்தால் கண் பொடியிலேயே நிற்கும், மாமியின் கை பதறாமல் கொத்தமல்லி கிள்ளிப் போடுவதை யாரும் பார்க்க மாட்டார்கள்.

இதற்கெல்லாம் எதிர்வாதம் ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். அந்த மௌனம் உங்களுக்குத் தேவைப்பட்ட மௌனமாகவும் இருக்கலாம். ஸ்ரீராம் ராகவனின் 'அந்தாதுன்' (தமிழில் 2024இல் 'அந்தகன்' என்று வந்தது) நினைவிருக்கிறதா? பார்வையில்லாதவனாக நடிப்பவன் பியானோ வாசிக்க, அவன் கண்ணெதிரே பிணத்தை இழுத்துப் போய்த் தரையைத் துடைக்கிற காட்சியில் தியேட்டரே நெளிந்து நெளிந்து சிரித்தது. ஆனால் தபு நடித்த சிமி, பக்கத்து ஃபிளாட் கிழவியை மேலிருந்து தள்ளிவிடும்போது யாரும் சிரிக்கவில்லை, டைரக்டரும் சிரிக்கச் சொல்லவில்லை. அங்கே படம் வேண்டுமென்றே நிறம் மாறுகிறது: இதுவரை வேடிக்கை பார்த்தீர்களே, இப்போது பாருங்கள் என்று. 'டார்லிங்ஸ்' படத்திலும் மும்பை பைகுல்லாவில் ஒரு சாலில் (வரிசையாக ஒற்றை அறை வீடுகள் உள்ள பழைய கட்டடம்) அம்மாவும் பெண்ணும் சேர்ந்து கணவனைக் கட்டிப்போடுகிற கூத்துக்கு நடுவே, அந்தப் பெண் வாங்கிய அடிகளைப் படம் ஒருபோதும் ஜோக்காக்கவில்லை. ஆகவே நீங்கள் முடிவு செய்ய வேண்டியது ஒன்றுதான்: செக்ரெட்டரியின் சாவுக்குச் சிரிக்க வேண்டுமா, சிரித்ததற்கு வெட்கப்பட வேண்டுமா? இரண்டாவது என்றால் மகளோடு பேசும் போன் இருக்கட்டும், முகமும் இருக்கட்டும். ஆனால் அதற்குப் பிறகு மறுபடி காமெடிக்குத் திரும்பக் கூடாது. நீங்கள் திரும்பியிருக்கிறீர்கள், வாட்ச்மேன் தூங்குகிற காட்சிக்கு. இரண்டு படகில் கால் வைத்தது அங்கேதான்.

வெட்கம் என்றதும் முட்டைக்கு வருகிறேன். இந்த ஊரில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு 'நான்-வெஜ் சாப்பிடுவீங்களா' என்ற கேள்வி தெரியும், அதற்குப் பின்னால் இருக்கும் மற்ற கேள்விகளும் தெரியும். முட்டைக்காகக் கொல்லும் மாமியைப் பார்த்துச் சிலர் அவரைக் கேலி செய்து சிரிப்பார்கள், சிலர் அவர் பக்கம் நின்று சிரிப்பார்கள், சிலருக்குச் சிரிப்பே வராது. டம்ளர் யோசனையிலும் இதே முள் இருக்கிறது, தெரிந்தேதான் சொல்கிறேன். இந்த முள்ளை எடுத்துவிட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன், படத்துக்குப் பல் இருப்பதே அதனால்தான். ஆனால் படம் யாரைப் பார்த்துச் சிரிக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பையனுக்கு ஒரு பெயரும், ஊரும், அவன் முட்டையை எவ்வளவு ஆசையாக உரித்தான் என்பதற்கு ஒரு ஷாட்டும் கொடுத்தால், அது தெரிந்துதான் எடுத்திருக்கிறார்கள் என்று பார்க்கிறவனுக்குப் புரியும். இந்த இடத்தில் சரி தவறு சொல்ல என் தொழில் அனுபவம் போதாது, வேறுவேறு வீடுகளில் வளர்ந்த நாலு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள்.

பின்னணி இசையைப் பற்றிச் சுருக்கமாக: 'டொய்ங் டொய்ங்' வேண்டாம். வீணையை இழுத்து வேடிக்கை காட்டுவதும் வேண்டாம். படத்துக்குத் தான் காமெடி என்று தெரியக் கூடாது. மாமி வீட்டு ரேடியோவில் காலையில் என்ன ஓடுமோ அதுவே ஓடட்டும், கொலை நடக்கும்போதும் அதே வால்யூமில். பிணத்தோடு மனிதர்கள் எவ்வளவு சீரியஸாக இருக்கிறார்களோ அவ்வளவு சிரிப்பு என்பதற்கு நம் மும்பைப் படமான 'ஜானே பி தோ யாரோ' (1983) போதும். குந்தன் ஷாவின் படம். நடுரோட்டில் சவப்பெட்டிக்குள் கிடக்கும் பிணத்தை, கார் ரிப்பேராகி நிற்கும் ஆள் என்று நினைத்து, குடிபோதையில் ஓம் புரி உதவி செய்ய முயல்கிறார். அவர் ஜோக் அடிக்கவில்லை, நிஜமாகவே உபகாரம் செய்கிறார்.

நண்பர்கள் சிரித்ததையும் சிரிக்காததையும் எவ்வளவு நம்பலாம்? இதில் நான் உறுதியாக இல்லை. ஹாலில் நாலு பேர் கூடினால் ஒருவர் சிரித்ததற்கு மற்றவர் சிரிப்பார். அதே ஆள் லோக்கல் டிரெயினில் போனில் பார்த்தால் உதடுகூட அசையாது, ஆனாலும் படம் பிடித்திருக்கும். அதனால் சத்தத்தை அளக்காதீர்கள். திரைக்கு முதுகு காட்டி நின்று, பார்க்கிறவர்களைப் பாருங்கள். செக்ரெட்டரி சாகும்போது முன்னால் சாய்ந்தார்களா, போனை எடுத்தார்களா? சாய்ந்தார்கள் என்றால் நான் மேலே எழுதியதில் பாதியை மறந்துவிடலாம்.

கடைசியில் மாமி மாட்டிக்கொள்ள வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அவசியமில்லை. 'கைண்ட் ஹார்ட்ஸ்' படத்தில் லூயி விடுதலையாகி வெளியே வந்ததும், தன் குற்றங்களை எல்லாம் எழுதிய நினைவுக் குறிப்பைச் சிறையிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வருகிறது, அதோடு படம் முடிந்துவிடும். அமெரிக்காவில் குற்றவாளி தப்பக் கூடாது என்ற அன்றைய தணிக்கை விதிக்காக, அந்தக் காகிதங்கள் அதிகாரிகள் கையில் கிடைப்பதாகச் சில நொடிகளைச் சேர்த்தார்கள். இரண்டையும் பார்த்தால் எது கூர்மை என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் படத்தில் அண்ணனிடம் பாக்கிப் பணத்தைக் கொடுக்கிற காட்சியைக் கடைசிக்குக் கொண்டுபோய், அவன் நெகிழ்ந்துபோய் 'நானும் வேலைக்கு மும்பை வரப் போறேன் மாமி, அந்த ரூம் காலியா இருக்கா?' என்று கேட்பதோடு வெட்டிவிடலாம். மாமியின் பதில் வேண்டாம்.

அப்புறம், இன்ஸ்பெக்டர் '302ல உள்ள தள்ளிடுவேன்' என்கிறாரே, கதை நடப்பது இந்த வருஷம் என்றால் அது தப்பு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது, கொலைக்கு இப்போது பிரிவு 103. ஜனங்களுக்கு 302தான் பழக்கம் என்பதால் மாற்றத் தயக்கமாக இருந்தால், ஸ்டேஷனில் யாராவது ஒருவர் 302 என்று சொல்ல, ரைட்டர் சலிப்போடு '103 சார்' என்று திருத்தட்டும். டப்பிங்கிலேயே சரிசெய்துவிடலாம்.